கட்டி இல்லாத பகுதியையும் எண்ணி எழுதுங்கள்

குழந்தைகளின் வயிற்று ஸ்கேனுக்கு ரிப்போர்ட் எழுதும் கதிரியக்க மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

நான் குழந்தைகள் அறுவை மருத்துவன். உங்கள் ரிப்போர்ட்டை நம்பிக் கத்தியை எடுக்கிறவன். அந்த உரிமையில் எழுதுகிறேன். மருத்துவ இதழில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் உங்கள் ரிப்போர்ட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைகிற அப்பா அம்மாக்களும் இதைப் படிக்கட்டும் என்றுதான் பொதுப் பத்திரிகைக்கு வந்தேன். உங்களிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

ஒன்றரை வயதுக் குழந்தை. குளிப்பாட்டும்போது வயிற்றின் வலப்பக்கம் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது என்று அம்மா தூக்கி வந்திருப்பார். நீங்கள் சி.டி. எடுக்கிறீர்கள். மாலையில் ரிப்போர்ட் வருகிறது: “கல்லீரலின் வலது மடலில் 11 × 9 × 8 செ.மீ. அளவுள்ள கட்டி. ஹெபடோபிளாஸ்டோமாவாக இருக்கலாம். மருத்துவப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.” இதில் ஒரு சொல்லும் தப்பில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை பிழைக்குமா, எந்த மருந்து, எத்தனை முறை, கட்டியை எடுக்க முடியுமா, ஈரலையே மாற்ற வேண்டிவருமா என்ற எதற்கும் என்னால் பதில் சொல்ல முடியாது. (ரிப்போர்ட்டின் கடைசி வாக்கியத்தைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். எல்லா ரிப்போர்ட்டிலும் இருப்பதால் யாருமே அதைப் படிப்பதில்லை.)

அம்மா அப்பாவுக்கு அந்த 11 செ.மீ. மனப்பாடம் ஆகிவிடுகிறது. உறவினர் கேட்டால் அதைச் சொல்கிறார்கள், அடுத்த மருத்துவரிடமும் அதையே சொல்கிறார்கள். நீங்கள் கொடுத்த ஒரே எண் அதுதானே! குழந்தைகளின் கல்லீரல் புற்றில் கட்டியின் அளவு தலையெழுத்தைத் தீர்மானிப்பதில்லை. கட்டி பிடிக்காமல் விட்டிருக்கும் கல்லீரல் எவ்வளவு, அது எங்கே இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அதை எண்ணிச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யாருமில்லை. நீங்கள் எண்ணாமல் விடுகிறீர்கள் என்பதுதான் என் மனக்குறை.

அதை எண்ணும் பிரீடெக்ஸ்ட் முறை உங்களுக்குப் புதிதல்ல. பட்டமேற்படிப்பில் படித்திருப்பீர்கள், தேர்வில் எழுதியும் இருப்பீர்கள். ஐரோப்பாவின் சியோபெல் குழு 1990-இல் தன் முதல் ஆய்வைத் தொடங்கியபோது வகுத்த முறை அது. இருந்தாலும் வாசகர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கல்லீரலை நான்கு பகுதிகளாகப் பார்க்கிறோம்: வலது பின்பகுதி, வலது முன்பகுதி, இடது உட்பகுதி, இடது வெளிப்பகுதி. வலது கல்லீரல் சிரை முதல் இரண்டையும் பிரிக்கிறது. நடுச்சிரை வலதையும் இடதையும் பிரிக்கிறது. இடது போர்ட்டல் சிரை தொப்புள் பக்கமாகத் திரும்பும் இடம் கடைசி இரண்டையும் பிரிக்கிறது. ஒரே வரிசையில் சுவரோடு சுவராகக் கட்டிய நான்கு வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து மூன்று வீடுகள் கட்டியில்லாமல் இருந்தால் முதல் பிரிவு, அடுத்தடுத்து இரண்டு இருந்தால் இரண்டாம் பிரிவு. ஒன்றுதான் மிச்சம் என்றாலோ, இரண்டு மிச்சமிருந்தும் அவை அடுத்தடுத்து இல்லை என்றாலோ மூன்றாம் பிரிவு. எதுவும் மிச்சமில்லை என்றால் நான்காம் பிரிவு.

இந்த ‘அடுத்தடுத்து’ என்பதில்தான் அளவு நம்மை ஏமாற்றுகிறது. வலது பக்கத்தின் இரண்டு பகுதிகளையும் நிறைத்துக்கொண்டு 12 செ.மீ. கட்டி இருக்கலாம். இடது பக்கம் முழுசாக இருந்தால் அது இரண்டாம் பிரிவுதான். வலது பக்கத்தை எடுத்துவிட்டு இடது பக்கத்தை வைத்துக் குழந்தை வளர்ந்துவிடும். அதே சமயம் 5 செ.மீ. கட்டி ஒன்று நடுவில் உட்கார்ந்து வலது முன்பகுதியையும் இடது உட்பகுதியையும் பிடித்திருந்தால் அது மூன்றாம் பிரிவு. மிச்சம் இரண்டு பகுதி இருக்கிறது, ஆனால் இரண்டும் இரண்டு ஓரத்தில். அறுவை அரங்கில் எனக்குத் தலைவலி தருவது இந்தச் சின்னக் கட்டிதான். உங்கள் ரிப்போர்ட்டில் முதலாமது ‘மிகப் பெரிய கட்டி’, இரண்டாவது ‘சிறிய கட்டி’ என்றுதான் இருக்கும். முதல் குழந்தையின் பெற்றோர் நம்பிக்கையிழந்து வீட்டுக்குப் போய்விடக்கூடும். இரண்டாவது குழந்தையை யாராவது துணிந்து உள்ளூரிலேயே அறுவைக்கு எடுத்துவிடக்கூடும். இரண்டுமே நடக்கின்றன.

‘நிலையைக் குறிப்பது புற்றுநோய் மருத்துவரின் வேலை, எங்களுக்கு ஏன்?’ என்று நீங்கள் கேட்கலாம். இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அமெரிக்காவில் நெடுங்காலம் முதலில் அறுவை செய்து பார்ப்பார்கள். கட்டி முழுதாக வந்துவிட்டால் முதல் நிலை, நுண்ணோக்கியில் மட்டும் மிச்சம் தெரிந்தால் இரண்டாம் நிலை, கண்ணுக்குத் தெரிய மிச்சமிருந்தால் அல்லது எடுக்கவே முடியாவிட்டால் மூன்றாம் நிலை, பரவியிருந்தால் நான்காம் நிலை. கொஞ்சம் யோசித்தால் இதிலுள்ள சிக்கல் தெரியும். ஒரே கட்டி துணிச்சலான அறுவை மருத்துவர் கையில் முதல் நிலை, எச்சரிக்கையானவர் கையில் மூன்றாம் நிலை. நோயை அளப்பதாக நினைத்துக்கொண்டு மருத்துவரை அளந்துகொண்டிருந்தோம். ஐரோப்பியர் இதைப் புரட்டிப் போட்டார்கள். கத்தியும் மருந்தும் தொடுவதற்கு முன்பு படத்தில் தெரிவதை வைத்தே நோயின் பரப்பைக் குறிக்க வேண்டும் என்றார்கள். ஆக, இந்த முறை பிறந்ததே உங்கள் மேசையில்தான்.

அதைவிட முக்கியம், இந்த வாய்ப்பு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். முதல் கீமோ ஏறிவிட்டால் கட்டி சுருங்கத் தொடங்கிவிடும், சிரைகள் விடுபட்டுத் தெரியும். சிகிச்சைக்கு முன்னால் அது எப்படி இருந்தது என்பதை அப்புறம் யாராலும் படம் எடுக்க முடியாது. நீங்கள் எடுத்த அந்த முதல் படம்தான் கடைசிவரை ஆவணம். கான்ட்ராஸ்ட் சரியான நேரத்தில் சேராமல் சிரைகள் வெளிறிப்போய் எடுத்த படம் என்றால், பெரிய மருத்துவமனையில் குழந்தையை மறுபடி மயக்கி, மறுபடி கதிரில் வைத்து, மறுபடி காசு கட்ட வேண்டியிருக்கிறது.

அந்த ஆவணத்தின் மதிப்பு என்ன என்று 2016, 2017 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. ஐரோப்பா, அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் ஆகிய இடங்களின் ஆய்வுக் குழுக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருந்ததால் ஒருவர் முடிவை மற்றவர் முடிவோடு ஒப்பிட முடியாமல் இருந்தது. அபூர்வமான நோய், பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் வருகிறது. தனித்தனியாக எண்ணினால் எந்தக் கணக்கும் தேறாது. அதனால் நால்வரும் தங்கள் பழைய ஆய்வுகளை ஒரே பெட்டியில் கொட்டி, ஹெபடோபிளாஸ்டோமா வந்த 1605 குழந்தைகளின் தகவலைச் சேர்த்தார்கள். முடிவை முன்கூட்டிச் சொல்லும் அடையாளங்கள் எவை என்று அதில் தேடினார்கள். பிரீடெக்ஸ்ட் பிரிவு, வேறு உறுப்புக்குப் பரவியது, ரத்தத்தில் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவு, குழந்தையின் வயது ஆகியவை முன்னுக்கு வந்தன. அவற்றோடு நீங்கள் படத்தில் மட்டுமே பார்க்கக்கூடிய ஐந்து குறிகளும் வந்தன: கல்லீரல் சிரைகளை அல்லது கீழ்ப் பெருஞ்சிரையைப் பிடித்திருக்கிறதா, போர்ட்டல் சிரையைப் பிடித்திருக்கிறதா, கல்லீரலைத் தாண்டி ஒட்டியிருக்கிறதா, கட்டி ஒன்றா பலவா, வெடித்திருக்கிறதா. இவற்றை வைத்துத்தான் இன்று குழந்தைகளை மிகக் குறைந்த ஆபத்து, குறைந்த ஆபத்து, இடைநிலை, அதிக ஆபத்து என்று நான்காகப் பிரிக்கிறோம். எண்ணிப் பாருங்கள், இதில் ரத்தப் பரிசோதனையும் பிறந்த தேதியும் போக மீதியெல்லாம் உங்கள் கண்ணில்தான் இருக்கிறது.

இப்படிப் பிரிப்பது காகிதக் கணக்கு அல்ல. 2009-இல் வெளிவந்த மூன்றாம் சியோபெல் ஆய்வில் சாதாரண ஆபத்துள்ள குழந்தைகளுக்கு சிஸ்பிளாட்டின் ஒன்றை மட்டும் கொடுத்தாலும், அதோடு இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசினைச் சேர்த்துக் கொடுத்தாலும் பலன் ஏறத்தாழ ஒன்றே என்று தெரிந்தது. மூன்றாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் ஒரு மருந்துக்கு 95 சதவீதம், இரண்டு மருந்துக்கு 93 சதவீதம். யார் ‘சாதாரண ஆபத்து’? கட்டி முதல் மூன்று பிரிவுக்குள் இருக்க வேண்டும், கல்லீரலை விட்டு வெளியே போயிருக்கக் கூடாது, ஏ.எஃப்.பி. 100-க்கு மேல் இருக்க வேண்டும். அடுத்து 2018-இல் இன்னொன்று வந்தது. சிஸ்பிளாட்டின் கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து சோடியம் தயோசல்ஃபேட் கொடுத்தால் காது கேளாமை 63 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாகக் குறைகிறது என்று காட்டினார்கள். அதுவும் இதே சாதாரண ஆபத்துக் குழந்தைகளிடம். ஆக, ஒரு குழந்தையின் இதயத்தையும் காதையும் காப்பாற்றும் வழி திறப்பதற்கு அதன் பிரிவு எழுதப்பட்டிருக்க வேண்டும். பிரிவு தெரியாத குழந்தைக்கு நாங்கள் பயந்துபோய் எல்லா மருந்தையும் கொடுக்கிறோம். பேச்சு வர வேண்டிய வயதில் காது போனால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபக்கத்தில் நட்டம் இன்னும் பெரிது. நான்காம் பிரிவு அல்லது முக்கியச் சிரைகளைச் சுற்றி வளைத்த மூன்றாம் பிரிவு என்றால் கல்லீரல் மாற்று மையத்திடம் நோயைக் கண்ட உடனே, தவறினால் இரண்டாவது கீமோ முடிந்தவுடன் போய்விட வேண்டும். முதலில் வெட்டிப் பார்ப்போம், முடியாவிட்டால் மாற்றுவோம் என்ற பேச்சு இங்கே செல்லாது. 2004-இல் வெளியான உலகளாவிய தொகுப்பில், முதல் அறுவையே மாற்றாகச் செய்துகொண்ட குழந்தைகளில் ஆறாண்டு கழித்து 82 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வெட்டி எடுத்து மிச்சம் விட்டோ, திரும்பி வந்தோ அப்புறம் மாற்றிக்கொண்டவர்களில் 30 சதவீதம். பிறகு வந்த தொகுப்புகளில் இந்த இடைவெளி குறைந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் முதல் அறுவையே சரியான அறுவையாக இருக்க வேண்டும் என்ற பாடம் மாறவில்லை.

நம் ஊரில் அந்த மாற்றுக்கு அம்மாவோ அப்பாவோதான் பெரும்பாலும் ஈரல் கொடுக்கிறார்கள். கொடுப்பவருக்கு ஸ்கேன், ரத்தப் பொருத்தம், 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறவுச் சான்றுகள், அனுமதி, முதலமைச்சர் காப்பீட்டுக்கு விண்ணப்பம். இத்தனையும் கீமோ ஓடிக்கொண்டிருக்கும் சில வாரங்களுக்குள் முடிய வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்கு எத்தனை நாளாகும் என்பது உங்களுக்கும் தெரியும். “பிரீடெக்ஸ்ட் 4” என்று நீங்கள் முதல் நாளே எழுதியிருந்தால் அந்த ஓட்டம் முதல் நாளே தொடங்கியிருக்கும். எழுதாத ரிப்போர்ட்டோடு நான்காவது கீமோ முடிந்த பிறகு என்னிடம் வருகிற குடும்பத்திடம், இனிமேல்தான் தொடங்க வேண்டும் என்று சொல்கிறவன் நான்.

ரத்தப் பரிசோதனை உங்கள் துறை அல்ல. ஆனால் படத்தில் கட்டியை முதலில் பார்க்கிறவர் நீங்கள் என்பதால் ஏ.எஃப்.பி. பற்றி ஒரு சொல். லட்சக்கணக்கில் வந்திருக்கிறது என்று பெற்றோர் அழுவார்கள். ஹெபடோபிளாஸ்டோமாவில் அது சாதாரணம். அஞ்ச வேண்டியது தாழ்ந்த எண்ணுக்கு. பெரிய கட்டி இருந்தும் ஏ.எஃப்.பி. 100-க்குக் கீழே என்றால் அது கெட்ட அறிகுறி. அதற்கு முன், பரிசோதனைக் கூடத்தில் ரத்த மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். அளவு மிதமிஞ்சிப் போனால் சில கருவிகள் அதைத் தவறுதலாகக் குறைத்துக் காட்டிவிடும். பச்சிளம் குழந்தைக்கு நோயே இல்லாமலும் பல்லாயிரக்கணக்கில் இருக்கும், அது பெரியவர் அளவுக்கு இறங்க எட்டு மாதம்வரை ஆகலாம். இரண்டு மாதக் குழந்தையின் எண்ணைப் பெரியவர்களின் அட்டவணையோடு ஒப்பிட்டுச் சிவப்பில் அச்சடித்துக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி அவர்களுக்கும் யாராவது ஒரு மடல் எழுத வேண்டும்.

நுரையீரல் விஷயம் உங்களுடையதேதான். நோய் தெரியவரும்போதே ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்கு அது நுரையீரலுக்குப் போயிருக்கும். அப்படியிருந்தும் வயிற்றை மட்டும் எடுத்து அனுப்புகிறீர்கள். எடுத்தாலும் “சில சிறு முடிச்சுகள் காணப்படுகின்றன” என்கிறீர்கள். சுண்ணாம்பு படியாத ஒரு முடிச்சு 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது 3 மி.மீ.க்குக் குறையாத முடிச்சுகள் இரண்டு இருந்தால் பரவியதாகக் கொள்கிறோம். ‘சில’ என்பது ஒன்றா மூன்றா, ‘சிறு’ என்பது இரண்டு மி.மீ.யா ஆறா? அந்த ஒரு சொல்லில் குழந்தை குறைந்த ஆபத்திலிருந்து அதிக ஆபத்துக்குத் தாவுகிறது. மயக்கத்தில் கிடக்கும் குழந்தையின் நுரையீரல் பின்பக்கம் சுருங்கி முடிச்சை மறைத்துவிடும் என்பதால் மார்பை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் டெக்னீஷியனுக்கு இதை ஒருமுறை சொன்னால் போதும்.

சிரைகளைப் பற்றி எழுதும்போதும் இதே கேள்விதான். “போர்ட்டல் சிரைக்கு அருகில்” என்றால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டி அதைத் தள்ளியிருக்கிறதா, சுற்றி வளைத்திருக்கிறதா, உள்ளே புகுந்து அடைத்திருக்கிறதா? தள்ளியிருந்தால் அது குறியே அல்ல. மூன்று கல்லீரல் சிரைகளையும் அல்லது கீழ்ப் பெருஞ்சிரையை அடைத்தால் அல்லது வளைத்தால், இல்லை இவற்றில் எதிலாவது உள்ளே கட்டி நுழைந்திருந்தால்தான் கல்லீரல் சிரைக்கான குறி. வயிற்றில் கொஞ்சம் நீர் தெரிவதெல்லாம் வெடித்ததாக ஆகாது. ரத்தம் கலந்த நீரா என்று அடர்த்தியை அளந்து சொல்லுங்கள்.

தப்பாகிவிடுமோ என்ற தயக்கம் உங்களுக்கு இருப்பது தெரியும். இந்த முறையை வகுத்தவர்களே முதல் ஆய்வில் அறுவைக்குப் பின் கிடைத்த உறுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 51 சதவீதம்தான் சரியாக இருந்தது. 37 சதவீதத்தில் உள்ளதைவிடக் கூட்டியும், 12 சதவீதத்தில் குறைத்தும் குறித்திருந்தார்கள். ஒரு சிரை தள்ளப்பட்டதா, தாண்டப்பட்டதா என்று படத்தில் பிரித்தறிவது அவ்வளவு கடினம். அத்தனை இருந்தும், முடிவை முன்கூட்டிச் சொல்வதில் அது தாக்குப்பிடித்தது. ஆகவே பாதிக்குப் பாதி சரியாக வரும் உங்கள் கணிப்புகூட எனக்கு வேண்டும். இரண்டா மூன்றா என்று நிச்சயமில்லை என்றால் அப்படியே எழுதுங்கள்: “பிரீடெக்ஸ்ட் 2 அல்லது 3, நடுச்சிரையைத் தாண்டியதா என்பது ஐயம்.” அந்த ஐயம் எனக்குத் தகவல். எம்.ஆர்.ஐ. கேட்க வேண்டுமா, இன்னொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டுமா என்று அதை வைத்துத்தான் முடிவெடுப்பேன். ஒன்றும் எழுதாத ரிப்போர்ட்டில் ஐயம் எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை.

ஐந்து ஆண்டுக்கு ஒரு கேஸ் பார்க்கிற நாங்கள் இதையெல்லாம் நினைவில் வைத்திருக்க முடியுமா என்பீர்கள். வேண்டாம். 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் என்று பெயர் பெற்ற கடைசி வரையறை 2018-இல் குழந்தைக் கதிரியக்க இதழில் வந்திருக்கிறது. வரையறைகளை ஒரே பக்கத்தில் எழுதி, ரிப்போர்ட் எழுதும் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். குழந்தையின் கல்லீரலில் கட்டி என்று தெரியும் அன்று மட்டும் அதைப் பார்த்தால் போதும். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஸ்கேன் சென்டரில் யாரும் பணம் தரப்போவதில்லை என்பதும் தெரிந்தே கேட்கிறேன்.

ஆகவே, அடுத்து இப்படியொரு குழந்தை வந்தால் கட்டியின் அளவுக்குக் கீழே இன்னும் நான்கு வரி எழுதுங்கள். நான்கு பகுதிகளில் எவை கட்டியில்லாதவை, அடுத்தடுத்துக் கட்டியில்லாதவை எத்தனை, அதனால் எந்தப் பிரிவு. சிரைகள், வெளியே பரவல், எண்ணிக்கை, வெடிப்பு ஆகிய குறிகளுக்கு உண்டு, இல்லை அல்லது ஐயம். நுரையீரலில் முடிச்சு எத்தனை, எத்தனை மி.மீ. ஏ.எஃப்.பி. பார்க்கப்பட்டதா. இரண்டாவது கீமோவுக்குப் பிறகு அதே குழந்தை மறுபடி வந்தால் முதல் படத்தைப் பக்கத்தில் வைத்து இதே நான்கு வரியை மறுபடி எழுதுங்கள். படங்களைச் சுருக்காமல் முழுதாக டிஸ்கில் போட்டுக் கொடுங்கள். ஒளிப்படத் தாளில் அச்சடித்த ஆறு கட்டங்களை வைத்துச் சிரையைத் தேட முடியாது. கையெழுத்துப் போடும் முன் சந்தேகம் இருந்தால், அனுப்பிய மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். இரவு பதினோரு மணி ஆனாலும் எடுப்போம்.

இதைப் படிக்கும் பெற்றோரே, உங்கள் கையிலிருக்கும் ரிப்போர்ட்டில் அந்த நான்கு வரி இல்லை என்றால், கீமோ தொடங்கும் முன் அந்த ஸ்கேன் சென்டருக்கே திரும்பிப் போய் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

அன்புடன்,
ஒரு குழந்தைகள் அறுவை மருத்துவன்